வாடாமல்லி கத்தரிப்பூ ஆகாமலிருக்க: லினக்ஸில் ஆர்கைலும் டிஸ்ப்ளேகாலும்

பெங்களூரு சிக்பேட்டையில் பார்த்துப் பார்த்து எடுத்த வாடாமல்லிப் பட்டு, கல்யாண ஆல்பத்தில் கத்தரிப்பூ நிறத்தில் வந்து நிற்கும். வீட்டார் ஆல்பத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். ஆல்பம் வடிவமைத்தவர் லேபைக் குறை சொல்வார். லேப்காரர், "எங்க மெஷின்ல தப்பில்லைங்க, உங்க மானிட்டரைப் பாருங்க" என்பார். பெரும்பாலும் லேப்காரர் சொல்வதுதான் சரி.

மானிட்டரைக் கண்ணால் திருத்த முடியாது. எந்த வெள்ளையைக் காட்டினாலும் சில நிமிடங்களில் கண் அதையே வெள்ளை என்று ஏற்றுக்கொள்ளும். அளக்க ஒரு கலரிமீட்டர் வேண்டும், அதை ஓட்ட ஒரு மென்பொருள் வேண்டும். கலரிமீட்டர் பெட்டியோடு வரும் மென்பொருள் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டுமே. லினக்ஸில் அந்த வேலையைச் செய்பவை இரண்டு: கிரேம் கில் எழுதிய ஆர்கைல் சிஎம்எஸ், அதன் மேல் ஃப்ளோரியன் ஹோக் கட்டிய டிஸ்ப்ளேகால். கருவியோடு பேசுவதும் கணக்குப் போடுவதும் ஆர்கைல். டிஸ்ப்ளேகால் அதற்கு ஜன்னலும் பொத்தானும் தருகிறது. இரண்டும் இலவசம், இரண்டும் திறமூலம்.

உபுண்டு 24.04-லும் பிளாஸ்மா 6 வரும் கேடிஇ டெஸ்க்டாப்பிலும் இந்த ஜோடி எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் இங்கே பேச்சு. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அளப்பதில் பெட்டி மென்பொருள் எதற்கும் இது இளைத்ததல்ல, பல இடங்களில் மேல். ஆனால் அளந்து செய்த ப்ரொஃபைலைத் திரையில் யார் அமல்படுத்துகிறார்கள் என்ற இடத்தில் லினக்ஸ் ஆளைக் குழப்பிவிடும். "கேலிப்ரேஷன் பண்ணியும் பிரயோஜனமில்லை" என்று கைவிட்டவர்கள் அநேகமாக இடறியது அங்கேதான்.

முதலில் ஒரு தெளிவு. கேலிப்ரேஷன் என்று ஒரே சொல்லில் நாம் அழைப்பது இரண்டு வேலை. ஒன்று, மானிட்டரை ஒரு நிலைக்குக் கொண்டுவருவது: இந்த வெளிச்சம், இந்த வெள்ளை, இந்த காமா (கருப்பிலிருந்து வெள்ளை வரை வெளிச்சம் ஏறும் விதம்). அதில் மானிட்டரின் பொத்தான்களால் முடியாத மிச்சத்தை கிராபிக்ஸ் கார்டில் ஒரு அட்டவணையாக ஏற்றுகிறோம். அதற்குப் பெயர் விசிஜிடி. இரண்டாவது, அந்த நிலையில் மானிட்டர் உண்மையில் எந்த நிறத்தைக் காட்டுகிறது என்று அளந்து ஐசிசி ப்ரொஃபைலாக எழுதிவைப்பது. விசிஜிடி ஏறினால் சாம்பல் நிறங்கள் நேராகும், அவ்வளவுதான். புடவைச் சிவப்பு சரியாகத் தெரிய வேண்டுமானால் ப்ரொஃபைலைப் படித்து நிறத்தை மாற்றும் ஒருவர் நடுவில் வேண்டும். இந்த வேறுபாடு மனதில் நின்றால் கீழே வரும் பாதிக் குழப்பம் தானே தீரும்.

கலரிமீட்டர் வாங்கும்போது

ஐ1 டிஸ்ப்ளே ப்ரோ குடும்பம்தான் முதல் தேர்வு. எக்ஸ்-ரைட் பெயரில் வந்துகொண்டிருந்த இந்தக் கருவிகள் 2021-லிருந்து கேலிப்ரைட் என்ற பெயரில் விற்கின்றன. இதன் சென்சாரின் நிற உணர்திறன் கருவிக்குள்ளேயே பதிந்திருக்கிறது. அதனால் திரை எந்த வகை என்று சொன்னால் ஆர்கைல் அதற்கேற்பக் கணக்கை மாற்றிக்கொள்ளும். ஸ்பைடர் எக்ஸ் மலிவு, வேகமானது. ஆனால் அதில் தயாரிப்பாளர் கொடுத்த சில திரை வகைகளுக்குள்தான் நாம் நிற்க வேண்டும்.

ஒரே சென்சாரை வைத்து மென்பொருள் வசதியை மட்டும் கூட்டிக் குறைத்து இரண்டு மூன்று விலையில் விற்பது இந்தத் துறையில் வழக்கம். ஸ்பைடர் எக்ஸ் ப்ரோவுக்கும் எலீட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஆர்கைல் பயன்படுத்துபவருக்கு அந்தக் கூடுதல் பணம் வீண். ஐ1 குடும்பத்தில் நிலைமை வேறு. கலர்மங்கி டிஸ்ப்ளே என்று வந்த மலிவு மாடல் வேண்டுமென்றே வேகம் குறைக்கப்பட்டது. துல்லியம் ஒன்றேதான், நேரம் மட்டும் கூடும். இரண்டு மானிட்டர் வைத்திருக்கும் வீட்டுக்கு அது தாராளம்.

செகண்ட் ஹேண்டில் ஐ1 டிஸ்ப்ளே 2, ஸ்பைடர் 2, ஸ்பைடர் 3 போன்ற பழையவை மலிவாகக் கிடைத்தாலும் தொட வேண்டாம். அவற்றின் நிற ஃபில்டர்கள் ஈரத்திலும் வெப்பத்திலும் வருடக்கணக்கில் வெளுத்துப்போகும். மென்பொருள் குறை சொல்லாமல் அளந்து, தவறான எண்ணைத் தரும். புதிய மாடல் வாங்குகிறவர்கள் பெட்டியின் மேலுள்ள பெயரை ஆர்கைலின் ஆதரவுப் பட்டியலில் தேடிவிட்டுப் பணம் கொடுங்கள். டிஸ்ட்ரோவோடு (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்போடு) வரும் ஆர்கைல் பழைய பதிப்பாக இருந்தால் புதுக் கருவியை அதற்கு அடையாளம் தெரியாது. புதிய ஆர்கைலை இறக்கி, அது இருக்கும் ஃபோல்டரை டிஸ்ப்ளேகாலின் ஃபைல் மெனுவில் காட்டினால் போதும்.

ஆர்கைலுக்கு உரிமச் சாவி கிடையாது. அல்சூரிலோ சிவாஜிநகரிலோ நான்கு போட்டோகிராபர்கள் சேர்ந்து ஒரு கலரிமீட்டர் வாங்கி வாரத்துக்கு ஒருவராக வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. இந்தச் செலவைத் தாங்க அதுவே நல்ல வழி.

நிறுவுவதில் இரண்டு இடம் கவனிக்க வேண்டும். டிஸ்ப்ளேகாலின் பழைய வரிசை 2019 டிசம்பரில் வந்த 3.8.9.3-ஓடு நின்றுவிட்டது. அது பைதான் 2-ல் எழுதியது, இன்றைய டிஸ்ட்ரோக்களில் ஓடாது. பைதான் 3-க்கு மாற்றி வேறு கைகள் தொடர்ந்து பராமரிக்கும் 3.9 வரிசைதான் வேண்டியது. அடுத்தது யுஎஸ்பி அனுமதி. டிஸ்ட்ரோ பேக்கேஜாக வந்த ஆர்கைல் என்றால் அனுமதி விதி கூடவே வரும். தளத்திலிருந்து நேரடியாக இறக்கியது என்றால் அதிலுள்ள யூடெவ் விதி ஃபைலை எடிசி யூடெவ் ரூல்ஸ் ஃபோல்டரில் நாமே வைத்து, கருவியைக் கழற்றி மாட்ட வேண்டும். கருவி தெரியவில்லையே என்று சூடோ போட்டு டிஸ்ப்ளேகாலை ஓட்டாதீர்கள். அளவெல்லாம் சரியாக நடக்கும், ப்ரொஃபைல் மட்டும் ரூட் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் டெஸ்க்டாப்புக்கு அது தெரியவே தெரியாது.

அளக்கும் முன் மானிட்டர்

எஸ்பி ரோட்டுக் கடைகளில் மானிட்டர் காட்டும்போது எல்லாம் விவிட் மோடில், முழு வெளிச்சத்தில் பளபளக்கும். வாங்கும் முன் மெனுவைத் திறந்து இரண்டு விஷயம் பாருங்கள். யூசர் அல்லது கஸ்டம் மோடில் சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனி கெயின் இருக்கிறதா? எஸ்ஆர்ஜிபி (பெரும்பாலான படங்களும் திரைகளும் பின்பற்றும் பொது நிற எல்லை) மோடுக்குப் போனால் வெளிச்சத்தை மாற்ற விடுகிறதா? பல மானிட்டர்கள் எஸ்ஆர்ஜிபி மோடில் வெளிச்சத்தைப் பூட்டிவிடும். அப்படிப் பூட்டிய மோடு நமக்கு உதவாது.

வீட்டில் முதல் வேலை, மானிட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்து கஸ்டம் மோடுக்கு மாற்றுவது. டைனமிக் கான்ட்ராஸ்ட், ஐ-கேர், ஆட்டோ வெளிச்சம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். டெஸ்க்டாப்பின் நைட் லைட்டும் அணைய வேண்டும். பிறகு அரை மணி நேரம் திரை ஓடிச் சூடாகட்டும். மானிட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கே பலர் சிபியுவை மட்டும் யுபிஎஸ்ஸில் போட்டு மானிட்டரை நேரடியாகச் சுவரில் செருகுகிறார்கள். நடுவில் ஒரு நொடி கரண்ட் போனாலும் ஓட்டம் முழுவதும் மறுபடி.

எச்டிஎம்ஐ-யில் இணைத்திருந்தால் இன்னொரு பொறி உண்டு. கார்டு மானிட்டரை டிவி என்று நினைத்து 16 முதல் 235 வரையுள்ள குறுகிய எல்லையில் அனுப்பும். கருப்பு சாம்பலாகவும் படம் வெளிறியும் தெரிந்தால் இதுவாக இருக்கலாம். இன்டெல் கிராபிக்ஸில் எக்ஸ்ராண்டர் கட்டளையால் பிராட்காஸ்ட் ஆர்ஜிபி என்ற அமைப்பை ஃபுல் என்று மாற்ற வேண்டும். இதைத் திருத்தாமல் கேலிப்ரேட் செய்தால் விசிஜிடி அந்தப் பிழைக்கு ஈடு கட்டப் பார்க்கும். இரண்டும் சேர்ந்து இருண்ட இடங்களைக் கெடுத்துவிடும்.

திரை வகைத் திருத்தம்: எல்லாம் நிற்பது இதன் மேல்தான்

டிஸ்ப்ளேகாலில் கரெக்ஷன் என்ற ஒரு பட்டியல் இருக்கிறது. பலர் அதை ஆட்டோ என்று விட்டுவிட்டு மேலே போவார்கள். மற்ற எல்லா அமைப்பிலும் தவறினாலும் பிழைத்துக்கொள்ளலாம், இதில் தவறினால் முடியாது.

காரணம் இதுதான். கலரிமீட்டருக்கு மூன்று கண்கள்தான். அவை மனிதக் கண்ணைப் போல இருக்கும்படி ஃபில்டர் போட்டிருக்கிறார்கள், ஆனால் அச்சாக ஒன்றல்ல. ஒளி பரவலாக இருந்தால் அந்தச் சிறு வேறுபாடு தெரியாது. இன்றைய வைட் கேமட் (எஸ்ஆர்ஜிபியை விட அதிக நிறங்களைக் காட்டும்) மானிட்டர்களில் பல பிஎஃப்எஸ் என்ற பாஸ்பரை வைத்துச் சிவப்பைத் தருகின்றன. அதன் ஒளி 631 நானோமீட்டர் அருகில் கத்தி முனைபோலக் குத்தி நிற்கும். அந்த இடத்தில் ஃபில்டர் கொஞ்சம் பிசகினாலும் சிவப்பின் அளவு தவறும். சிவப்பு தவறினால் வெள்ளையும் தவறும். மென்பொருள் 6500 கெல்வின் என்று சொல்லும், கண்ணுக்கோ திரை பச்சையடித்தோ ரோஸாகவோ தெரியும்.

அதனால் மானிட்டரின் பேனல் எந்த வகை என்று முதலில் கண்டுபிடியுங்கள். சாதாரண எஸ்ஆர்ஜிபி ஐபிஎஸ் என்றால் ஒயிட் எல்இடி. டிசிஐ-பி3 என்ற பெரிய நிற எல்லையில் 90 சதவீதத்துக்கு மேல் என்று விளம்பரம் செய்யும் எல்சிடி என்றால் பெரும்பாலும் பிஎஃப்எஸ். ஓஎல்இடி என்றால் அதற்குத் தனி. ஐ1 வகைக் கருவிக்கு இந்தத் திருத்தங்கள் சிசிஎஸ்எஸ் ஃபைலாக இருக்கும். தயாரிப்பாளரின் மென்பொருளோடு வருபவற்றை டிஸ்ப்ளேகாலின் டூல்ஸ் மெனு வழியே இறக்குமதி செய்துகொள்ளலாம்.

சிசிஎம்எக்ஸ் என்று இன்னொரு வகை ஃபைல் உண்டு. இணையத்தில் யாரோ பகிர்ந்ததைக் கண்டால் எடுக்காதீர்கள். சிசிஎஸ்எஸ் என்பது பேனலின் ஒளிக்கற்றை பற்றிய குறிப்பு. அதே பேனல் வைத்திருக்கும் யாருக்கும் அது பொருந்தும். சிசிஎம்எக்ஸ் அப்படியில்லை, ஒருவர் தன்னுடைய கருவியும் தன்னுடைய மானிட்டரும் சேர்ந்து தந்த பிழையைத் திருத்த எழுதிக்கொண்டது. அடுத்தவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொள்வது போலத்தான்.

என்ன இலக்கு வைப்பது

வெளிச்சம் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா. இருட்டறை என்றால் 80, ஜன்னலோர மேசை என்றால் 120. பெட்டியிலிருந்து எடுத்த மானிட்டர் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு எரியும். "பிரிண்ட் இருட்டா வந்திருக்கு" என்ற புகாரில் பெரும்பங்கு இதனால்தான். அவ்வளவு வெளிச்சத்தில் பார்த்துப் படத்தின் முகங்களை இறக்கிவிடுகிறார்கள், காகிதத்துக்கு அந்த வெளிச்சம் கிடையாது. வெள்ளை டி65 (6500 கெல்வினை ஒட்டிய பகல் வெள்ளை), காமா 2.2. அறையில் எரியும் டியூப் லைட் 6500 கெல்வின் கூல் டேலைட் என்றால் டி65-ஓடு பெரிதாக மோதாது. வார்ம் ஒயிட் பல்புகளை வேலை நேரத்தில் அணைத்துவிடலாம்.

ஆரம்பத்தில் டிஸ்ப்ளேகால் மூன்று பட்டைகளைக் காட்டி, கெயினைச் சரிசெய்யச் சொல்லும். இந்தக் கட்டத்தில் பத்து நிமிடம் செலவழிப்பது கடைசியில் பலன் தரும். வெள்ளையை மானிட்டர் மெனுவிலேயே கொண்டுவந்துவிட்டால் விசிஜிடிக்கு வேலை குறைவு. மூன்று கெயினும் 100-ல் தொடங்கி, கூடுதலாக இருக்கும் நிறத்தை மட்டும் இறக்குங்கள். எதையும் மேலே ஏற்ற வேண்டாம். மெனு பொத்தான் படுத்தினால் டிடிசியூட்டில் என்ற கட்டளைக் கருவியால் கீபோர்டிலிருந்தே மாற்றலாம்.

லேப்டாப்பில் கெயினே கிடையாது. அங்கே டி65-ஐ வலுக்கட்டாயமாகக் கேட்டால் முழுத் திருத்தமும் விசிஜிடியில் ஏறும். நீலத்தை 80 சதவீதத்துக்கு இறக்க வேண்டியிருந்தால், 8 பிட்டின் 256 படிகளில் ஏறக்குறைய 205 தான் நீலத்துக்கு மிஞ்சும். வானத்திலும் மங்கிய சுவரிலும் பட்டை பட்டையாகத் தெரிவது இதனால்தான். லேப்டாப்புக்கு வெள்ளைப் புள்ளியை ஆஸ் மெஷர்டு (உள்ளபடியே) என்று விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

ப்ரொஃபைல் வகையில் எக்ஸ்ஒய்இசட் லட் (நிறங்களின் பெரிய அட்டவணை) துல்லியமானது, ஆனால் எல்லாச் செயலிகளும் அதைச் சரியாகக் கையாள்வதில்லை. நல்ல ஐபிஎஸ் மானிட்டருக்கு ஒற்றை வளைவும் மேட்ரிக்ஸும் போதும். எந்தச் செயலியிலும் தகராறு செய்யாது, சாம்பலிலும் நிறம் ஏறாது. வளைந்து நெளியும் பழைய பேனல்களுக்கும் லேப்டாப்களுக்கும் லட் எடுத்து, 175 கட்டங்களாவது அளக்க வேண்டும்.

அளக்கும்போது திரையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, கருவி தட்டையாகப் படியுமாறு வையுங்கள். எடைக்கட்டி மானிட்டருக்குப் பின்னால் தொங்கட்டும். ஐ1 டிஸ்ப்ளே ப்ரோவில் சென்சாரை மூடும் வெள்ளைக் கவசம் திரும்பி நிற்க வேண்டும். அதை மறந்தால் சென்சார் தவறான நிலையில் இருக்கிறது என்று ஆர்கைல் நின்றுவிடும், பயப்பட ஒன்றுமில்லை. அறை விளக்கை அணைத்துவிடுங்கள். கர்சரும் அறிவிப்பு ஜன்னல்களும் கட்டத்தின் மேல் வரக்கூடாது. ஒரு வாட்ஸ்அப் அறிவிப்பு பாப்பப் ஆனால் அந்த அளவு கெட்டது.

0.4 டெல்டா ஈ என்ற மயக்கம்

வேலை முடிந்ததும் டிஸ்ப்ளேகால் ஒரு அறிக்கை தரும். சராசரி டெல்டா ஈ 2000 (இரு நிறங்களின் வேறுபாட்டைச் சொல்லும் எண்) ஒன்றுக்குக் கீழே, அதிகபட்சம் மூன்றுக்குக் கீழே என்றால் நல்லது. எண்ணைப் பார்த்ததும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அது எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ப்ரொஃபைல் கணித்ததும் அதே கருவி மறுபடி அளந்ததும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதுதான் அது. மேலே சொன்ன திருத்த ஃபைல் தவறாக இருந்தால் ப்ரொஃபைலும் தவறு, சரிபார்ப்பும் அதே தவறு. இரண்டும் கைகோத்து 0.4 காட்டும். மீட்டரே கோளாறான ஆட்டோவில் எத்தனை முறை போனாலும் ஒரே கட்டணம்தான் வரும்.

இதற்கு மருந்து, சற்றும் சம்பந்தமில்லாத ஒன்றோடு ஒப்பிடுவது. தெரிந்த ஒரு துணியை, நல்ல பகல் வெளிச்சத்தில், திரையில் அதன் படத்தோடு வைத்துப் பாருங்கள். வாடாமல்லி, அரக்கு, மயில்கழுத்து மூன்றும் சேர்ந்தால் சோதனை கடுமையாகும். மயில்கழுத்து நிறம் எஸ்ஆர்ஜிபி எல்லைக்கு வெளியே போகக்கூடியது. சாதாரண மானிட்டரில் அது மங்கினால் கேலிப்ரேஷனின் குற்றமில்லை. வாடாமல்லி கத்தரிப்பூவாகத் தெரிந்தால் கரெக்ஷன் பட்டியலுக்குத் திரும்பிப் போங்கள்.

அளந்தது சரி, அமல்படுத்துவது யார்?

லினக்ஸில் திரையை வரையும் பழைய ஏற்பாடான எக்ஸ்11 காலத்தில் இது எளிது. விசிஜிடியை யார் வேண்டுமானாலும் கார்டில் ஏற்றலாம். ப்ரொஃபைலைத் திரைக்கு ஒரு குறியாக ஒட்டிவைப்பார்கள், தேவைப்படும் செயலி படித்துக்கொள்ளும். படம் திருத்தும் டார்க்டேபிளும் கிம்ப்பும் அப்படித்தான் சரியாக இயங்கின. அதன் இடத்துக்கு வந்த வேலண்டில் எந்தச் செயலிக்கும் கார்டின் அட்டவணையைத் தொட உரிமை இல்லை. பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் டிஸ்ப்ளேகால் அந்த உரிமையை நம்பி எழுதப்பட்டது. வேலண்ட் செஷனில் அதை ஓட்டினால் எக்ஸ்11 செயலிகளை வேலண்டில் ஓட்டும் எக்ஸ்வேலண்ட் வழியே ஜன்னல் வரும், அளக்கவும் செய்யும். கேலிப்ரேஷன் வளைவு மட்டும் திரையில் ஏறாது.

ஆகவே விதி: எக்ஸ்11 செஷனில் அளந்துவிட்டு, ப்ரொஃபைலை எங்கே வேண்டுமோ அங்கே பயன்படுத்துங்கள். உபுண்டு 24.04-ல் லாகின் திரையின் மூலையிலுள்ள பற்சக்கரத்தை அழுத்தினால் உபுண்டு ஆன் எக்ஸ்ஆர்க் வரும். 25.10-ல் அந்த வாய்ப்பை எடுத்துவிட்டார்கள். ஃபெடோராவின் கேடிஇ பதிப்பிலும் 40-லிருந்து எக்ஸ்11 செஷன் கூட வருவதில்லை. அப்படிப்பட்ட இடங்களில் எக்ஸ்எஃப்சிஇ-யை நிறுவி, அளப்பதற்கு மட்டும் அதில் நுழையலாம். ப்ரொஃபைல் வெறும் ஒரு ஃபைல்தான், எந்த டெஸ்க்டாப்பில் பிறந்தது என்று அதற்குத் தெரியாது.

இன்னொரு வழி பிளாஸ்மா 6 வேலண்டிலேயே நடக்கும். திரை அமைப்பில் ப்ரொஃபைலை எதுவுமில்லை என்று வைத்து, மானிட்டர் கெயினால் வெள்ளையைச் சரிசெய்து, டிஸ்ப்ளேகாலில் டோன் கர்வையும் ஆஸ் மெஷர்டு என்று வைத்து ப்ரொஃபைல் மட்டும் எடுப்பது. கெயின் உள்ள நல்ல மானிட்டருக்கு இதுவே போதும்.

2024 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6 இந்த விஷயத்தில் பெரிய பாய்ச்சல். ஐசிசி ஃபைலை அமைப்பில் கொடுத்தால் கேவின் என்ற அதன் ஜன்னல் மேலாளர் விசிஜிடியையும் ஏற்றும், திரையில் வரும் எல்லாவற்றையும் எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டு உங்கள் மானிட்டருக்கு மாற்றியும் கொடுக்கும். வைட் கேமட் மானிட்டரில் முகமெல்லாம் தக்காளியாகத் தெரியும் தொல்லை, நிற அறிவே இல்லாத செயலிகளிலும் நின்றுவிடுகிறது. இதற்காகவே கேடிஇக்கு மாறலாம்.

ஆனால் கேவின் மாற்றிய பிறகு டார்க்டேபிளிலும் அதே ப்ரொஃபைலைக் கொடுத்தால் மாற்றம் இரண்டு முறை நடக்கும். வைட் கேமட்டில் படம் சோகை பிடித்தது போல வெளுக்கும். ஆளோ இன்னும் நிறத்தைக் கூட்டுவார், பிரிண்டில் எல்லாம் கொதிக்கும். பிளாஸ்மாவில் ப்ரொஃபைல் போட்டிருந்தால் செயலிக்குள் திரை ப்ரொஃபைல் எஸ்ஆர்ஜிபி என்றிருக்கட்டும். டார்க்டேபிளில் சாஃப்ட் ப்ரூஃப் பொத்தானை ரைட் கிளிக் செய்தால் அந்தப் பட்டியல் வரும். கிம்ப்பில் ப்ரெஃபரன்ஸஸுக்குள் கலர் மேனேஜ்மென்ட். இதற்கு ஒரு விலை உண்டு. அந்தச் செயலி எஸ்ஆர்ஜிபி எல்லைக்குள் அடங்கிவிடும், மானிட்டரின் கூடுதல் நிறங்கள் வீணாகும். மயில்கழுத்தை அப்படியே பார்த்துத் திருத்த வேண்டியவர்கள் இன்றைக்கும் எக்ஸ்11-ல் இருப்பதே மேல். 2025 பிப்ரவரியில்தான் வேலண்டின் நிற மேலாண்மை நெறிமுறை 1.41 பதிப்பில் சேர்ந்தது. செயலிகள் அதைப் பேசப் பேச இந்தக் குறை தீரும்.

உபுண்டு 24.04-ன் க்னோம் 46 வேறு விதம். வேலண்டில் அது விசிஜிடியை ஏற்றும், அத்தோடு நின்றுவிடும். நிற மாற்றம் செயலியின் பொறுப்பு. டார்க்டேபிளுக்கு ஐசிசி ஃபைலை அதன் கான்ஃபிக் ஃபோல்டரில் கலர், அதற்குள் அவுட் என்ற ஃபோல்டரில் போட்டு, கையால் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்11-ல் டார்க்டேபிள் சிஎம்எஸ்டெஸ்ட் என்ற சிறு கட்டளை, திரையில் ஒட்டிய ப்ரொஃபைலும் ப்ரொஃபைல்களை நிர்வகிக்கும் கலர்டி என்ற சேவை சொல்லும் ப்ரொஃபைலும் ஒன்றா என்று சொல்லிவிடும். ஃபயர்ஃபாக்ஸ் ப்ரொஃபைல் குறிப்பிட்ட படங்களை மட்டுமே மாற்றும். அபவுட் கான்ஃபிக் பக்கத்தில் கலர் மேனேஜ்மென்ட் மோட் மதிப்பை 2-லிருந்து 1 ஆக்கினால் எல்லாவற்றையும் மாற்றும். புடவைக் கடைக்கு ஆன்லைன் படம் போடுகிறவர்கள் இதைச் செய்யாமல் தங்கள் பக்கத்தைத் தாங்களே பார்த்து நிறம் சொல்லக்கூடாது. பிளாஸ்மாவில் ப்ரொஃபைல் போட்டவர்கள் ஃபயர்ஃபாக்ஸுக்குத் தனியாகத் திரை ப்ரொஃபைல் கொடுக்க வேண்டாம்.

கலர்டி பற்றி ஒரு எச்சரிக்கை. நீங்கள் எதுவும் செய்யாமலே மானிட்டர் தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்லும் எடிட் (EDID) தகவலிலிருந்து அது ஒரு ப்ரொஃபைலைத் தானே உருவாக்கும். பட்டியலில் ஆட்டோமேட்டிக் என்று தெரிவது அதுதான். தயாரிப்பாளர் எடிட்டில் எழுதியது தவறாக இருந்தால் புதுக் கணினியில் படங்கள் காரணமின்றிப் பச்சையடிக்கும்.

லாகின் ஆன சில நொடிகளில் திரை நிறம் ஒரு முறை மாறி, மறுபடி மாறினால் இரண்டு பேர் விசிஜிடிக்காகச் சண்டையிடுகிறார்கள். டிஸ்ப்ளேகாலின் சொந்த லோடர், டெஸ்க்டாப்பின் லோடர், எக்ஸ்ஐசிசிடி, ரெட்ஷிஃப்ட் ஆகியவற்றில் ஒன்றை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை ஸ்டார்ட்அப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். டிஸ்ப்ளேகாலின் வளைவு ஜன்னலில் கார்டில் இப்போது என்ன ஏறியிருக்கிறது என்று பார்க்கலாம். மூன்று கோடும் நேர் மூலைவிட்டமாக நின்றால் எதுவும் ஏறவில்லை. சஸ்பெண்டிலிருந்து எழுந்த பிறகும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஏஎம்டி லேப்டாப்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பேட்டரியில் ஓடும்போது பேனல் மின்சேமிப்பு என்ற ஏற்பாடு பின்வெளிச்சத்தைக் குறைத்து, அதை ஈடுகட்டப் படத்தின் நிறத்தை மாற்றும். பவர் ப்ரொஃபைல்ஸ் டீமனின் புதிய பதிப்புகள் இதைத் தாமாகவே இயக்குகின்றன. சார்ஜரைச் செருகி, பெர்ஃபார்மன்ஸ் நிலையில் வைத்து அளந்து, அதே நிலையில் வேலை செய்யுங்கள். முழுதாக நிறுத்த கர்னல் அளவுருவில் ஏஎம்டிஜிபியு ஏபிஎம் லெவலை 0 ஆக்க வேண்டும். இது தெரியாமல் கஃபேயில் உட்கார்ந்து எடிட் செய்த படம் வீட்டுக்கு வந்ததும் வேறாகத் தெரியும்.

இத்தனையும் ஒரு முறை அமைத்துவிட்டால் பிறகு மாதத்துக்கு ஒரு முறை, அதே இலக்கில், அரை மணிச் சூட்டுக்குப் பின் ஓட்டினால் போதும். சுல்தான்பேட்டையில் அழைப்பிதழ் அடிக்கக் கொடுப்பவர்களும் லேபுக்கு ஆல்பம் அனுப்புகிறவர்களும் அவர்களிடம் ஐசிசி ப்ரொஃபைல் இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் அதே அவுட் ஃபோல்டரில் போட்டு, டார்க்டேபிளில் கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் காகிதத்தில் எப்படி வரும் என்று காட்டும். கன்ட்ரோல் ஜி அழுத்தினால் காகிதத்தில் வராத நிறங்களைத் தனியே சுட்டிக்காட்டும். ஜரிகையும் வாடாமல்லியும் அதில் அடிக்கடி மாட்டும். அவற்றை அங்கேயே இறக்கி, எஸ்ஆர்ஜிபி ஜேபெக்காக எடுத்து, ஒரு சிறு டெஸ்ட் பிரிண்ட் போட்டுப் பார்த்த பிறகு முழு ஆர்டரைக் கொடுங்கள்.